'இன்னிட்': லண்டன் பேச்சில் ஒரு சின்ன ஒட்டு... அதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

'டாப் பாய்' வெப் சீரிஸைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை. கிழக்கு லண்டனின் ஹேக்னி பகுதியில் நடக்கும் கதை அது. அதில் வரும் இளைஞர்கள் பேச்சுக்குப் பேச்சு 'இன்னிட்' என்று முடிப்பார்கள். லண்டன் டீமோடு தினமும் கால் பேசும் ஐடி ஊழியர்களின் காதிலும் எப்போதாவது இது விழுந்திருக்கும்.

அர்த்தம் தேடினால், "இஸின்ட் இட் என்பதன் சுருக்கம்" என்று ஒரே வரியில் பதில் வரும். ஆனால், அந்த அர்த்தத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால் பாதி இடங்களில் ஒட்டாது. சில நேரம் அது கேள்வியாகவே இருக்காது. சில நேரம் வாக்கியத்தின் நடுவில் வந்து நிற்கும். சில நேரம் அந்த ஒரு சொல்லே முழு பதிலாகிவிடும்.

இந்தச் சொல்லைப் பேசக்கூடாது என்று லண்டனில் ஒரு பள்ளி அறிவிப்புப் பலகையே வைத்தது. ஒரு பிரபல நடிகை, இதைச் சொன்னால் முட்டாள் மாதிரி தெரியும் என்று மாணவிகளை எச்சரித்தார். அப்படி என்ன தப்பு செய்தது இந்தச் சொல்?

கொஸ்டின் டேக் ஞாபகம் இருக்கா?

ஸ்கூல் ஆங்கிலப் பரீட்சையில் 'கொஸ்டின் டேக்' எழுதி மார்க்கை விட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். "ஷீ இஸ் எ டாக்டர்" என்றால் "இஸின்ட் ஷீ?" போட வேண்டும். "தே லிவ் இன் லண்டன்" என்றால் "டோன்ட் தே?" "யூ கான்ட் ஸ்விம்" என்றால் "கேன் யூ?"

அதாவது, ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு "சரிதானே?" என்று கேட்பதற்குள் எழுவாய் எது, காலம் எது, துணை வினை எது, வாக்கியம் உடன்பாடா எதிர்மறையா என்று நாலு கணக்கு போட வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இதை முழுசாகக் கற்றுக்கொள்ள சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. "அவ டாக்டர், இல்லையா?", "அவங்க லண்டன்ல இருக்காங்க, இல்லையா?", "உனக்கு நீச்சல் தெரியாது, இல்லையா?" என்று மூன்றுக்கும் ஒரே ஒட்டு போதும். ஆளோ காலமோ மாறினாலும் 'இல்லையா' மாறாது. பிரெஞ்சில் 'நெஸ்பா', இந்தியில் 'நா' ஆகியவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

'இன்னிட்' செய்வதும் அதுவே. "ஷீ இஸ் எ டாக்டர், இன்னிட்?", "தே லிவ் இன் லண்டன், இன்னிட்?", "யூ கான்ட் ஸ்விம், இன்னிட்?" என எல்லாவற்றுக்கும் ஒரே ஒட்டு. உலகத்தின் பல மொழிகளில் இலக்கணமாக இருப்பது, லண்டன் ஆங்கிலத்தில் வந்தால் மட்டும் 'தப்பு' ஆகிவிடுகிறது.

ஒரு சொல், நாலு வேலை

பேச்சில் 'இன்னிட்' எங்கெல்லாம் வருகிறது என்று கவனித்தால், அதற்குள் ஒரு ஒழுங்கு இருப்பது புரியும்.

முதல் வேலை, எதிரில் இருப்பவரின் ஆமோதிப்பைக் கேட்பது. "இட்ஸ் கோல்டு டுடே, இன்னிட்?" இன்றைக்குக் குளிர்தானே? இதற்கு யாரும் வெப்பநிலையைப் பார்த்துப் பதில் சொல்லப்போவதில்லை. "ஆமா" என்று தலையாட்டினால் போதும். பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு, அவ்ளோதான்.

இரண்டாவது, ஆமோதிப்பது. "இன்னைக்கும் ட்ரெயின் லேட்டு" என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், இன்னொருவர் "இன்னிட்!" என்பார். நம் ஊரில் "ஆமால்ல!" என்பது மாதிரி.

மூன்றாவது, அழுத்தம் கொடுப்பது. "ஐ டோல்ட் ஹிம், இன்னிட்." இதில் கேள்விக்குறி கிடையாது. குரல் கடைசியில் ஏறாமல் இறங்கும். "நான்தான் அவன்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே" என்ற தொனி. வெளியிலிருந்து கேட்பவர்கள் குழம்புவது இங்கேதான். கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லப்போனால் சொன்னவர் முழிப்பார்.

நான்காவதுதான் சுவாரஸ்யம். "மை கசின், இன்னிட், ஹீ வொர்க்ஸ் இன் எ பேங்க்." வாக்கியம் தொடங்கும்போதே ஒட்டு வந்துவிடுகிறது. பள்ளி இலக்கணத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனால், தமிழ்க் காதுக்கு இது சட்டென்று பிடிபடும்: "என் கசின் இருக்கான்ல, அவன் பேங்க்ல வேலை பாக்குறான்." அந்த 'இருக்கான்ல' என்பதில் வரும் 'ல' என்ன செய்கிறதோ, அதையே இந்த இன்னிட்டும் செய்கிறது. இனி யாரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று கேட்பவரைத் தயார்படுத்துகிறது.

உச்சரிப்பிலும் ஒரு விஷயம் உண்டு. லண்டனில் பலர் கடைசி 'ட்'டை முழுசாகச் சொல்வதில்லை. தொண்டையிலேயே நிறுத்தி விழுங்கிவிடுவார்கள். அதனால் புதிதாகக் கேட்பவர்களுக்கு வெறும் 'இன்னி' என்று மட்டும் கேட்கும்.

எங்கிருந்து வந்தது?

'இஸின்ட் இட்' தேய்ந்து 'இன்னிட்' ஆனது லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சில் பல பத்தாண்டுகளாகவே உண்டு. காக்னி எனப்படும் கிழக்கு லண்டன் வழக்கில் அது சகஜம். ஆனால், எல்லா வாக்கியத்துக்கும் பொதுவான ஒட்டாக அது பரவிய கதை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லண்டனின் கதை.

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைச் சுமந்துகொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் ஜமைக்கா, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா எனப் பல நாடுகளிலிருந்து மக்கள் வந்து லண்டனில் குடியேறினார்கள். 1980-களுக்குப் பிறகு உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிவந்த இலங்கைத் தமிழர்களும் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற பகுதிகளில் வேர்விட்டார்கள்.

வீட்டில் ஒரு மொழி, பக்கத்து வீட்டில் வேறொரு மொழி. எல்லாரும் சந்தித்துக்கொள்ளும் இடம் பள்ளி மைதானம். அங்கே பிள்ளைகளின் காதில் விழுந்தது ஒரே ஆங்கிலம் இல்லை. காக்னி ஆங்கிலம், கரீபிய ஆங்கிலம், ஆப்பிரிக்க ஆங்கிலம், எல்லா வாக்கியத்துக்கும் 'இஸின்ட் இட்?' போடும் இந்திய ஆங்கிலம் என்று எல்லாம் கலந்திருந்தன. அந்தக் கலவையிலிருந்து பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு பொதுப் பேச்சை உருவாக்கிக்கொண்டார்கள்.

மொழியியலாளர்கள் ஜென்னி செஷயர், பால் கெர்ஸ்வில் ஆகியோரின் குழு 2004-ல் இதை முறையாக ஆராயத் தொடங்கியது. உள் லண்டனில் ஹேக்னி, புறநகரில் ஹேவரிங் என இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு இளைஞர்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். இந்தப் பேச்சுக்கு 'மல்டிகல்ச்சுரல் லண்டன் இங்கிலீஷ்' என்ற பெயரும் நிலைத்தது.

அவர்கள் கண்டதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் இப்படிப் பேசுவாரா, மாட்டாரா என்பதை அவரது தோல் நிறம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நண்பர் வட்டம் எவ்வளவு கலப்பானது என்பதற்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. தலைமுறைகளாக லண்டனில் வாழும் வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளும், பல இன நண்பர்களோடு வளர்ந்தால் இதே பேச்சைப் பேசுகிறார்கள். "யாரோ வெளியூர்க்காரர்கள் ஆங்கிலத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற கதை இங்கே அடிபடுகிறது. இது அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலம்.

ஆனால், பிரிட்டிஷ் ஊடகங்கள் சில இதற்கு வைத்த பெயர் 'ஜஃபேக்கன்'. போலி ஜமைக்கர் என்று அர்த்தம். பெயரிலேயே கிண்டல்.

சிரிப்புக்குப் போன சொல்

90-களின் கடைசியில் 'இன்னிட்' டிவி காமெடிக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் ஆசியக் கலைஞர்கள் தங்களைத் தாங்களே கலாய்த்துக்கொண்ட பிபிசி-யின் 'குட்னஸ் கிரேஷஸ் மி' 1998-ல் தொலைக்காட்சிக்கு வந்து பெரிய ஹிட் ஆனது. ஏறக்குறைய அதே காலத்தில் சாஷா பேரன் கோஹன் 'அலி ஜி' என்ற பாத்திரமாக வந்தார். கறுப்பின இளைஞர் பாணியைக் காப்பியடிக்கும் ஒரு புறநகர்ப் பையன் வேடம். 2002-ல் அது சினிமாவாகவும் வந்தது.

பிரிட்டன் முழுக்கச் சிரித்தது. 'இன்னிட்' அப்போது நாடறிந்த சொல்லாகவும் ஆனது, முட்டாள்தனத்தின் அடையாளமாகவும் ஆனது.

2011-ல் அதற்கு இன்னொரு அங்கீகாரம் கிடைத்தது. காலின்ஸ் வெளியிடும் ஸ்க்ராபிள் சொற்பட்டியலில் 'இன்னிட்' சேர்க்கப்பட்டது. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயின்ட், மொத்தம் ஐந்து. விளையாட்டில் பெரிய லாபம் இல்லை என்றாலும், அகராதிக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே அதே நேரத்தில் கதவுகள் மூடிக்கொண்டிருந்தன.

யாருக்குக் கோபம்?

2010-ல் நடிகை எம்மா தாம்சன் தான் படித்த பள்ளிக்குப் போய், 'லைக்', 'இன்னிட்' போன்ற சொற்களைப் பேசவேண்டாம் என்று மாணவிகளிடம் சொன்னார். அவர் சொன்ன காரணம்: நீங்கள் முட்டாள் இல்லை, ஆனால் அப்படித் தெரிவீர்கள்.

2011 ஆகஸ்டில் லண்டனில் கலவரம் வெடித்தது. அப்போது வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்கி பிபிசி-யின் 'நியூஸ்நைட்' விவாதத்தில் இளைஞர்களின் பேச்சு மொழியையே பிரச்சினையின் பகுதியாக்கினார். ஜமைக்கப் பேச்சு இங்கிலாந்துக்குள் புகுந்துவிட்டது, வெள்ளையர்களும் கறுப்பர்களாகிவிட்டார்கள் என்பது அவரது வாதம். டாட்டன்ஹாம் எம்.பி-யான டேவிட் லாமியை உதாரணம் காட்டி, ரேடியோவில் கேட்டால் அவரை வெள்ளையர் என்றே நினைப்பீர்கள் என்றும் சொன்னார். லாமி கறுப்பினத்தவர், பின்னாளில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆனவர். அதாவது, 'நல்ல' ஆங்கிலம் என்றால் வெள்ளையரின் ஆங்கிலம். பலரும் பூசி மெழுகிப் பேசும் விஷயம் அன்று நேரலையில் பட்டவர்த்தனமாக வந்துவிட்டது. கடும் கண்டனமும் எழுந்தது.

2013-ல் தெற்கு லண்டனில் இருந்த ஹாரிஸ் அகாடமி அப்பர் நார்வுட் பள்ளி ஒரு தடைப் பட்டியலை வைத்தது. 'இன்னிட்', 'பேர்', 'எக்ஸ்ட்ரா', 'எயின்ட்', 'காஸ்' எல்லாம் அதில் இருந்தன. லண்டன் பேச்சில் 'பேர்' என்றால் 'நிறைய'. வாக்கியத்தை 'பேசிக்கலி' என்று தொடங்கக்கூடாது, 'யே' என்று முடிக்கக்கூடாது என்றும் விதி போட்டார்கள்.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது, பிபிசி தொகுப்பாளரும் முன்னாள் இங்கிலாந்து கால்பந்து வீராங்கனையுமான அலெக்ஸ் ஸ்காட்டின் உச்சரிப்பை முன்னாள் அமைச்சர் டிக்பி ஜோன்ஸ் குறைசொன்னார். 'ரன்னிங்', 'ஸ்விம்மிங்' போன்ற சொற்களின் கடைசி 'ஜி'-யை அவர் விழுங்குகிறாராம். கிழக்கு லண்டன் உழைக்கும் வர்க்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான், என் பேச்சில் எனக்குப் பெருமைதான் என்று ஸ்காட் பதிலடி கொடுத்தார்.

இந்தக் கடைசி விவகாரத்தில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. அந்த 'ஜி'-யை விழுங்குவது ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பாணி. 'ஹண்டிங், ஷூட்டிங், ஃபிஷிங்' என்பதை 'ஹண்டின், ஷூட்டின், ஃபிஷின்' என்று சொல்வதுதான் அந்தக்கால மாளிகைகளில் கெத்து. அந்தப் பள்ளியின் தடைப் பட்டியலில் இருந்த 'எயின்ட்'டும் அந்த மாளிகைகளில் புழங்கிய சொல்தான். பிரபு விழுங்கினால் ஸ்டைல், கிழக்கு லண்டன் பெண் விழுங்கினால் பிழை. சொல் மாறவில்லை, சொல்கிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

பள்ளிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே?

இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. இப்படித் தடை போடும் பள்ளிகள் பலவும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள். நாளைக்குப் பல்கலைக்கழக நேர்காணலிலோ, வேலைக்கான இன்டர்வியூவிலோ 'இன்னிட்' என்று சொல்லி அந்தப் பிள்ளை வாய்ப்பை இழந்துவிடக்கூடாது என்பதே ஆசிரியர்களின் கவலை. அந்தப் பயம் கற்பனை இல்லை. 'ஆக்சென்ட் பயஸ் இன் பிரிட்டன்' என்ற ஆய்வுத் திட்டம், எந்த உச்சரிப்புக்கு மதிப்பு, எதற்கு இளக்காரம் என்ற பழைய படிநிலை பொதுமக்கள் மனதில் இன்னும் அப்படியே இருப்பதைக் காட்டியது.

ஆனால், அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. சட்ட நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் துறையினரிடம் பதில்களை மதிப்பிடச் சொன்னபோது, உச்சரிப்பைத் தாண்டிப் பதிலின் தரத்தைப் பார்த்து அவர்களால் மதிப்பெண் போட முடிந்தது. கேட்கிறவரின் காதைப் பழக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. எல்லாப் பாரத்தையும் பேசுகிற பிள்ளையின் நாக்கின்மேல் ஏற்றத் தேவையில்லை.

தடைப் பட்டியலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. எழுத்துக்கு ஒரு மொழி, நண்பர்களோடு ஒரு மொழி, நேர்காணலில் ஒரு மொழி என்று மாற்றிப் பேசுவது ஒரு திறமை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால், இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே பொருந்தும், ஏன் என்று பேச வேண்டும். சொல்லையே வாசலில் நிறுத்திவிட்டால் அந்தப் பேச்சு நடக்காது. "உன் வீட்டில், உன் தெருவில் பேசுவது தப்பான மொழி" என்பது மட்டும்தான் பிள்ளையின் மனதில் நிற்கும். தப்பாகிவிடுமோ என்று பயந்து வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கு எந்த ஆங்கிலமும் வராது.

நேர்காணலுக்கான ஆங்கிலத்தைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்கட்டும். அதற்காக இருப்பதைப் பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை. புதிய சட்டை வாங்கிக் கொடுப்பது வேறு, போட்டிருக்கும் சட்டையைக் கழற்றச் சொல்வது வேறு.

சரி, நீங்க இதைச் சொல்லலாமா?

லண்டன் கிளையன்ட்டோடு பேசும்போது 'கூல்' ஆகத் தெரியட்டுமே என்று 'இன்னிட்' போட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரலாம். கொஞ்சம் யோசிப்பது நல்லது.

முதல் காரணம், இது ஊரும் வயதும் வட்டமும் சார்ந்த சொல். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் திடீரென்று சொன்னால் மிமிக்ரி மாதிரிதான் கேட்கும். 'அலி ஜி' பார்த்துச் சிரித்த நாட்டில் அந்த மிமிக்ரிக்குப் பின்னால் நிற, வர்க்கக் கிண்டலின் வாடையும் சேர்ந்து அடிக்கும். இரண்டாவது, மெயிலிலும் பிரசன்டேஷனிலும் பிரிட்டிஷ்காரர்களே இதை எழுதமாட்டார்கள். நகைச்சுவைக்காக எழுதினால்தான் உண்டு.

ஆனால், புரிந்துகொள்வது அவசியம். எதிரில் இருப்பவர் 'இன்னிட்' என்றால் குரலைக் கவனியுங்கள். ஏறினால் உங்கள் ஆமோதிப்பைக் கேட்கிறார். "யே" என்றால் போதும். இறங்கினால் அவர் விஷயத்தை முடித்துவிட்டார், பதில் தேவையில்லை. அதோடு 'ப்ரவ்' என்றால் மச்சான், சகோ மாதிரியான விளி. 'வாக்வான்' என்றால் "என்ன விசேஷம்?" என்ற விசாரிப்பு; ஜமைக்கப் பேச்சிலிருந்து வந்தது. 'எண்ட்ஸ்' என்றால் "நம்ம ஏரியா".

லண்டனில் வளரும் உங்கள் அண்ணன் மகளோ மாமா பையனோ போனில் 'இன்னிட்' என்றால், "இங்கிலீஷ் ஒழுங்கா பேசு" என்று திருத்த வேண்டியதில்லை. அவர்கள் பேசுவது அந்த ஊர் இங்கிலீஷ். எங்கே பேசலாம், எங்கே கூடாது என்று தெரிகிறதா என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.